உள்ளே இருப்பதெல்லாம்

"இன்னா கிரேஸு, கதவுல இன்னாத்த ஒட்டி வச்சிருக்கே? படிக்கிறவன் வெடிகுண்டுன்னு ஓடிடுவான்!"

செக்ரட்டரி சவரிராயன் உள்ளே வந்ததும் கேட்டார். மண்ணாடிப்பட்டுக் கரும்புச் சங்கத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கிரேஸ் மேரி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. எண்பத்தொன்பதில் அந்தப் பெட்டி சுற்றுவட்டாரத்துக்கே அதிசயம். பாகூர் கிளைக்கென்று அதே மாதிரி இன்னொன்றும் நேற்று வந்திறங்கியிருந்தது.

"நீங்கதான சார் தமிழ்ல எழுதச் சொன்னீங்க?"

கம்ப்யூட்டரில் புதிய சிஸ்டம் ஏற்றும் முறையைச் சொல்லும் புத்தகத்திலிருந்த எச்சரிக்கையை வரிக்கு வரி தமிழாக்கி, நேற்று மாலையே ஒட்டியிருந்தாள்: 'நாளை புதியது ஏற்றப்படும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முக்கியமானதை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடவும்.'

"ஊருக்குச் சொல்லிட்ட. நீ எடுத்தியா? கரும்பு வெட்டு முறையெல்லாம் பிளாப்பியில ஏத்திட்டியா?"

கிரேஸ் மேரி சட்டென்று திரும்பினாள். மறந்தே போயிருந்தாள். 'எல்லாம் அழியும், சம்மதமா?' என்று திரை கேட்டதற்கு, சற்றுமுன்தான் 'ஆம்' என்பதற்கான 'ஒய்' எழுத்தை அழுத்தியிருந்தாள்.

"மாதாவே! போச்சு சார்... எல்லாம் போச்சு!"

யார் கரும்பு எந்த வாரம் வெட்டு என்பது முழுவதும் அதற்குள்தான். எழுதி வைத்த சீட்டுகள் மழையில் ஊறிக் குப்பைக்குப் போய்விட்டன. முறை தெரியாவிட்டால் கரும்பு வயலிலேயே காயும். அவள் வேலையும் போகும். வாய்விட்டு அழுதாள்.

செக்ரட்டரி தலையில் கைவைத்தபடி உட்காரப் போனார். அவருடைய நாற்காலியைக் காணோம். சுவர்க் கடிகாரத்தையும் காணோம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் கிரேஸ் மேரிக்கு வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. அவளும் இப்போதுதான் பார்த்தாள்.

"டேய் பக்கிரி! நாக்காலி எங்கடா?"

பியூன் பக்கிரி எட்டிப் பார்த்தான். "வெளிய கொட்டாயில சார். உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு ஒட்டியிருந்துச்சே! காலையிலயே வந்து நாக்காலி, கடியாரம், மாதா படம் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன்."

"அட மடையா! போவ வேண்டியது போயிடுச்சு, நாக்காலிய காப்பாத்திட்டியாக்கும்!"

"இன்னா சார், முக்கியமானத விடுவேனா? 'இந்தப் பொட்டிதான்டா நம்ம உசுரு'ன்னு நீங்க சொல்வீங்களே! அத மொதல்லயே மாதா பக்கத்துல தூக்கி வச்சிட்டேன். மேசை காலியா இருக்க வேணாமேன்னு பாகூருக்குப் போற புதுப் பொட்டிய எடுத்து, ஒயரெல்லாம் இருந்த மாதிரியே சொருவிட்டேன். அழிஞ்சா அது அழியட்டுமே!"

கிரேஸ் மேரி அழுகையும் சிரிப்புமாகக் கொட்டகைக்கு ஓடினாள். செக்ரட்டரி கதவருகே போய், பிய்ந்து தொங்கிய அந்தத் தாளை நன்றாக அழுத்தி ஒட்டினார்.