முதலிடம் பிடித்த கம்பெனி

இதனால் வடசென்னை டோல்கேட் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நிதி நிறுவனங்களில் திறமையானது எது என்று தரம் பிரிக்கும் மகத்தான முறையை, 1998 ஜூன் மாதம், ஒரு நீண்ட வரிசையில் நின்றபடியே பக்தவச்சலம் வெளியிட்டார்.

எண்ணூர் தொழிற்சாலையில் எந்த மெஷின் எவ்வளவு தின்று எவ்வளவு தள்ளுகிறது என்று முப்பது வருடம் அளந்தவர் அவர். ஓய்வுப் பணம் மூன்று லட்சத்தைப் போடவும் அதே அளவுகோலை வைத்துத்தான் நிதிக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்.

"செலவு கம்மி, வசூல் ஜாஸ்தி. அதான் திறமை" என்றார், முன்னால் நின்ற காசிமேட்டுப் படகுக்காரர் திருமலையிடம். "உன் கம்பெனில எத்தினி பேரு?"

"பன்னெண்டு பேரு நைனா. மூணு ஏசி, சோபா, மீன் தொட்டிகூட கீது."

"அத்தினியும் தண்டம். என் கம்பெனில ஒரே ரூம், ரெண்டே ஆளு, ஒரு மேஜை. ஒரே வருசத்துல ரெண்டு கோடி வசூல்! மார்க்கு நூத்துக்கு நூறு. உன்னுது முப்பதுகூடத் தேறாது."

"நம்மளுக்கு இன்னா நைனா தெரியும்? சோபா மெத்துனு இருந்துச்சு, பணத்தப் போட்டுட்டேன்" என்று திருமலை தலையைச் சொறிந்தார்.

அதற்குள் வரிசை நகர்ந்து, இருவரும் போலீஸ் ஸ்டேஷன் மேஜைக்கு வந்துவிட்டார்கள். ஏட்டு திருமலையின் புகாரை வாங்கிப் பார்த்தார்.

"உன் கம்பெனி மொதலாளி ஓடிட்டாலும் ஏசி, சோபா எல்லாத்துக்கும் சீல் வச்சிட்டோம். ஏலம் வுட்டா கொஞ்சமாச்சும் கைக்கு வரும். பெருசு, உன் ஆளு இன்னா வுட்டுட்டு ஓடுனான்?"

"ஒரு மேஜை" என்றார் பக்தவச்சலம்.

அதுவும் வாடகை மேஜை.