ஒரு மணிச் செய்தி

"இதென்னங்க, நடுவுல ரெண்டு கோடு சாஞ்சு கிடக்கு?"

மனைவி கைப்பேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மதியம் ஒரு மணிக்கு அவன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது.

நீ \"சாப்பிட்டேன்\"னு சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"கை தவறிப் பட்டிருக்கும்மா."

"மூணு நாளாவா? தினம் ஒரு மணிக்கு, கரெக்டா மேற்கோள் குறிக்கு முன்னாடியேவா தவறும்?"

கல்யாணமாகிப் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் தினம் ஒரு மணிக்கு அவளிடம் கொஞ்சியது அவன் இல்லை, தானாகச் செய்தி அனுப்ப அவன் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்.

இந்த வாரம் கொஞ்சல் தூக்கலாக இருக்கட்டும் என்று மேற்கோள் குறியெல்லாம் போட்டு எழுதியதுதான் வினை. புரோகிராமுக்குள்ளே எழுதினால், வாக்கியம் முடிந்துவிட்டது என்று அது குழம்பாமல் இருக்க மேற்கோளுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். இந்தச் செய்திகளைப் போலத் தனிக் கோப்பில் எழுதி வைத்தால் தேவையே இல்லை. ஐயா பழக்கதோஷத்தில் கோப்பிலும் போட்டுத் தொலைத்தார். அது அப்படியே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"எங்க அக்கா தினம் உங்களைக் காட்டித்தான் அத்தானைத் திட்டுறா. 'தங்கச்சி புருஷனைப் பாரு, என்ன அக்கறை!'ன்னு. ஒழுங்கா உண்மையைச் சொல்லுங்க."

சொன்னால் பத்து மாத நல்ல பெயர் காலி. சொல்லாவிட்டாலும் இவள் விடப்போவதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டான்.

"நான் அனுப்பலம்மா. புரோகிராம் அனுப்புது. மீட்டிங்ல மறந்துடுவேனோன்னு பயந்து ஆரம்பிச்சேன், அப்புறம் விட முடியல. நீ ஒவ்வொரு தடவையும் உருகி உருகிப் பதில் போடுவே பாரு, அதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கும். என்னை மன்னிச்சிடு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் கோட்டை எடுத்துத் தொலைங்க" என்றாள் எரிச்சலாக. "அதைப் படிச்சதும் என் புரோகிராம் படுத்துடுது. மூணு நாளா உங்களுக்கு நானே உட்கார்ந்து கையால பதில் போட்டுட்டிருக்கேன்!"