பேஸ் ட்ரம்முக்குள் ஒரு சால்வை

செட்டிலேயே பெரிதான பேஸ் ட்ரம்மை அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ட்ரம்காரர் திரும்பிப் பார்த்தார். அதை விற்ற அம்மா சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையனோடதாம்மா?"

"ஆமா தம்பி. அவனப் பத்தி எதுவும் கேக்காதீங்க. சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுங்க, அது போதும்."

ட்ரம்காரர் படிப்பக்கம் நடந்தார். பழைய ட்ரம் செட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, புதுசு மாதிரி ஆக்கி விற்பதுதான் அவர் பிழைப்பு. வாங்கப் போகிற இடத்தில் துரு, விரிசல், கோணல் என்று ஊரில் இல்லாத நொட்டையெல்லாம் சொல்லி விலையை இறக்குவார். இங்கேயும் பழக்கதோஷத்தில் பாதி விலைதான் கேட்டுத் தொலைத்திருந்தார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

மாடிப்படி நெடுக அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துவைத்து, வழிவிட்டு நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் தானாகவே வந்து ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். கீழே வந்ததும் ட்ரம்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வண்டியில் ஏற்றிவிட்டு ட்ரம்காரர் நிமிர்ந்தார். மேலே பால்கனிக் கொடியில், ட்ரம் குச்சி படம் போட்ட பனியன் ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பெற்ற மனசு இன்னமும் அந்தத் துணியைத் துவைத்துப் போடுகிறதே என்று நினைத்தபடியே வண்டியைக் கிளப்பினார்.

வீட்டையொட்டிய தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. துருப்பிடித்த திருகுகளை வினிகர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, பேஸ் ட்ரம்மின் முன்தோலைக் கழற்றினார். சத்தம் ரொம்ப அதிராமல் இருக்க உள்ளே சின்னத் தலையணை ஒன்றை வைப்பது எல்லோரும் செய்கிறதுதான். இதற்குள்ளோ இரண்டு பெரிய தலையணை, ஒரு போர்வை, நடுவே பெண்கள் போர்த்துகிற பழைய கம்பளிச் சால்வை எல்லாம் காற்றுப் புக இடமில்லாமல் திணித்துக் கிடந்தன.

சால்வையைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. அம்மாவின் சால்வையை உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை வாசித்திருக்கிறான்!

டீ கொண்டுவந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னங்க, கண்ணு இப்படிச் செவந்திருக்கு? வினிகர் பட்டுடுச்சா?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சால்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"புள்ளையப் பறிகொடுத்தவங்ககிட்ட போயி நொட்டை சொல்லிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? நல்லாப் பண்ணி, அவங்ககிட்டயே சும்மா குடுத்துடுங்க."

"அடியே, பேண்ட்காரரு இதுக்காகத்தான் காத்துட்டு இருக்காரு. இத வித்தாத்தான் ஃபிரிட்ஜுன்னு நீதானே ஒத்தக்கால்ல நின்னே?"

"ஃபிரிட்ஜ் இல்லாம நாம ஒண்ணும் செத்துடல. அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

பிறகு அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே, தன் கல்யாணத்துக்குக்கூட அந்த மனுஷன் அப்படி ஓடியாடியதில்லை. ட்ரம்களைச் சுற்றி உரிந்து தொங்கிய பளபள உறையை ஹேர் டிரையரால் சூடுகாட்டி எடுத்தார். அடியில் இருந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். புதுத்தோல் மாட்டி, எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி முடுக்கி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி முடுக்கினார். ஒரு தட்டுத் தட்டினால் கொட்டகைத் தகரமே சேர்ந்து அதிர்ந்தது.

வந்து பார்த்த பேண்ட்காரர் கெஞ்சாத குறைதான். "இது விக்கிறதுக்கில்லீங்க" என்று சொல்லும்போது ட்ரம்காரருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. அவருக்கு அது புது அனுபவம். மனைவி சால்வையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா கதவைத் திறந்தார். வாசலில் ட்ரம் செட் பளபளவென்று நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. விழுந்துவிடாமல் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி... இத எதுக்கு..." என்று இழுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. உங்க மனசு எனக்குப் புரியுது." ட்ரம்காரர் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் ஹாலில் முறையாக அடுக்கினார். சால்வையை அந்த அம்மாவின் கையில் பக்குவமாக வைத்தார். "பணம் வேணாம். பையன் ஞாபகமா உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த அம்மா ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை. கையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாவம், பணம் வாங்காமல் எப்படி என்று தவிக்கிறார் போல.

"உள்ள அடைச்சிருந்ததையெல்லாம் எடுத்துட்டேம்மா. இனிமே அடிச்சா தெருக்கோடி வரைக்கும் கணீர்னு கேக்கும். கேளுங்க!"

பேஸ் ட்ரம்மின் பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கலகலத்தன. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, ட்ரம்காரரை முறைத்தபடியே படாரென்று சாத்திக்கொண்டார்.

உள்ளறையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஓர் ஆண்குரல் கேட்டது:

"அம்மா... திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னியே, என் ட்ரம் கெடச்சிடுச்சா?"