முந்திரி ஒதுங்கும் பக்கம்

எங்கள் அடுப்பு அம்மாவின் கை அசைவுகளைப் பதிந்து வைத்திருந்தது. அவள் இறந்த பிறகு அப்பாவுக்கு வந்த முதல் பிறந்தநாளன்று, அதன் இயந்திரக் கரண்டியை அதே அசைவில் ஜவ்வரிசிப் பாயசம் கிளறச் சொன்னேன். கெட்டியான பாலுக்குள் ஒவ்வொரு முந்திரியும் எங்கே போய் நிற்கும் என்று அடுப்பு கணக்கிட்டுத் திரையில் காட்டியது.

"முந்திரி ஒரே பக்கம் ஒதுங்குகிறது. சீராக்கட்டுமா?" என்று கேட்டது.

சரி என்றேன். மூன்று கிண்ணங்களிலும் முந்திரி சமமாக விழுந்தது.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ருசி அதேதான். ஆனா இது அவ கை இல்லையே."

"முந்திரி கம்மி, அதான் உங்களுக்குக் கோவம்," என்றான் தம்பி சேந்தன். "எப்பவும் உங்க கிண்ணத்துலதானே வந்து கொட்டும்!"

"அது என் அதிர்ஷ்டம்டா. உங்கம்மாவைக் கேட்டா, எல்லாருக்கும் ஒரே கரண்டிதானேன்னு சொல்லுவா."

சீராக்குவதற்கு முந்தைய கணக்கைத் திரையில் ஓடவிட்டேன். வட்டமாகச் சுற்றி வந்த அம்மாவின் கரண்டி, கடைசியில் ஒருமுறை அவள் நின்ற பக்கமாக மெல்ல இழுத்தது. முந்திரிகள் அந்த ஓரத்தில் போய்க் கூடின. முதல் கரண்டியை அவள் அங்கேதான் மொள்வாள். முதல் கரண்டி எப்போதும் அப்பாவுக்கு. அப்பாவின் பழைய பிறந்தநாள் பதிவுகளையும் ஓட்டினேன். எல்லாவற்றிலும் அந்த ஒரு இழுப்பு இருந்தது.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கள்ளி," என்றார்.

மறுநாளும் பாயசம் வைத்தேன். சீராக்கட்டுமா என்று அடுப்பு கேட்டது. அடுப்போடு ஒருநாளும் பேசியிராத அப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்து, "வேண்டாம்மா," என்றார்.