அங்கே இப்போது நடுராத்திரி

"கொடியில கிடக்கிற துணியை எடுத்துடும்மா. மழை வரப் போகுது."

போனில் கணவன் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துக்கிட்டு இங்க மழை வரும்னு சொல்றீங்களாக்கும்?"

"சொன்னாக் கேளு. எடு."

துணிகளை வாரிக்கொண்டு அவள் வாசற்படி ஏறுவதற்குள் சடசடவென்று கொட்டத் தொடங்கியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதெல்லாம் அது சந்தோஷச் சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

கல்யாணமான நாலாம் மாதமே ஏசி மெக்கானிக் வேலைக்கென்று வெளிநாடு புறப்பட்டவன் அவன். தெருவே வாசலில் நின்று கையசைத்து அனுப்பியது. "போனதும் உனக்கு மனைவி விசாவுக்குப் போட்டுடறேன்" என்றான். இது மூன்றாவது வருடம். கல்யாணம் நிஜமா என்று விசாரிக்கிறார்கள் என்பான். புது விதி வந்திருக்கிறது என்பான். கடைசியில், "ஃபைல் நகருதும்மா, பொறுத்துக்கோ" என்பான். ஒரே அறையில் ஆறு பேர், வாட்ஸ்அப் வீடியோவில் பேசினால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று முகத்தைக்கூடக் காட்டியதில்லை.

"அத்தை, உங்க பிள்ளை அங்க போய் மந்திரம் கத்துக்கிட்டாரா?"

மாமியார் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாசம் இருந்தா தூரம் ஏதும்மா?"

ஒருநாள் காலையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்து அவள் கை கொப்பளித்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் அவன் பேசியபோது முதல் கேள்வியே, "கைக்கு மருந்து போட்டியா?"

மறுநாள் அதைக் கடையில் கூட வேலை செய்யும் லென்ஸ் அக்காவிடம் சொன்னாள்.

"உங்க அத்தை சொல்லியிருப்பாங்கடி."

"அத்தைக்குப் போனே கிடையாதுக்கா. போன வாரம் நான் வாசல்ல நின்னு தலை துவட்டினதைக்கூடச் சொல்றார். பச்சைப் புடவையில நல்லா இருந்தியாம்."

அக்கா லென்ஸ் துடைப்பதை நிறுத்தினாள். "அங்க இப்ப நடுராத்திரிதானே? கூப்பிடு, பார்ப்போம்."

முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லும்மா."

குரலில் துளித் தூக்கம் இல்லை.

"நீங்க தூங்கலையா?"

"தூக்கமா? அது என்னை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு."

அவள் போனை வைத்ததும் அக்கா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதே. தூக்கம் கிடையாது, முகம் காட்டறது கிடையாது, இருந்த இடத்துலேருந்தே எல்லாம் தெரியுது… உசுரோட இருக்கிற மனுஷங்களுக்கு இதெல்லாம் முடியுமாடி?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே விசா அலுவலகத்துக்குப் போனாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உங்க பேர்ல விண்ணப்பமே வரலையே."

"நல்லாப் பாருங்க மேடம். ஃபைல் நகர்ந்துக்கிட்டு இருக்குன்னு சொன்னாரே!"

"இருந்தாத்தானேம்மா நகரும்? முதல்ல உங்க வீட்டுக்காரர் அங்க நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். அதுவே இன்னும் நடக்கலை."

நேரில் போக உடம்பு வேண்டும். கையெழுத்துப் போடக் கை வேண்டும். அவள் எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வீடு பூட்டியிருந்தது. இந்த நேரத்தில் அத்தை எங்கே போனார்? அவள் வாசற்படியில் உட்கார்ந்து, கணவனை அழைத்தாள்.

"என்னம்மா, மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டே? வெளியில ஏன் உட்கார்ந்திருக்கே?"

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"ஒண்ணு கேட்கிறேன். பொய் சொல்லக் கூடாது. நீங்க உசுரோடதான் இருக்கீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைன்னாலும் சொல்லிடுங்க. ஒரேயடியா அழுது தீர்த்துடறேன். செத்தவருக்காக விசாவுக்குக் காத்திருக்க என்னால முடியாதுங்க."

அவன் விசும்பும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், அவன் அறையின் உள்பக்கத்திலிருந்து, பாத்திரச் சத்தத்தோடு இன்னொரு குரல்.

"போனை வச்சுட்டுச் சீக்கிரம் சாப்பிடுடா. அவ கடையிலேருந்து வர்றதுக்குள்ள நான் ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போகணும்."

அத்தையின் குரல்.

அவள் தலையை உயர்த்தினாள். எதிர்வரிசைக் கட்டிடத்தின் மேல்மாடி ஜன்னலில் திரை விலகியது. போனைக் காதில் வைத்தபடி, தாடி மண்டிய ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏஜென்ட் கொடுத்த விசா போலின்னு ஏர்போர்ட்லேயே திருப்பிட்டாங்கம்மா. தெருவே கையசைச்சு அனுப்பிச்சே, எந்த முகத்தோட வர்றது? அன்னிக்கு இருட்டினப்புறம் இந்த மாடி ஏறினவன்தான்… இன்னும் இறங்கவே இல்லை."