ஒரு கோடு குறையுது

"மெஷின் பொய் சொல்லாதும்மா. சனிக்கிழமை கரண்ட் போகும்போது நாலு கோடு டீசல் இருந்துச்சு. திங்கட்கிழமை கரண்ட் வந்ததும் பார்த்தா மூணு. நடுவுல ஜெனரேட்டர் ஓடவே இல்லை. அதைப் பார்த்துக்கிறவன் கிலிஃபி. அப்ப எடுத்தவன் யாரு?"

படகிலிருந்து இறங்கி ஈரம்கூடக் காயாத லானுவிடம் இப்படித்தான் ஆரம்பித்தார் தீவுச் சபைத் தலைவர் செமிசி. தலைநகர் ஃபுனாஃபுட்டியிலிருந்து ஆபீஸ் ரூட்டரைப் பார்க்க வந்தவள் அவள். ஆபீஸ் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது.

"குச்சி விட்டு அளந்தா தெரிஞ்சிடுமே மாமா?"

"அதைத்தான் சொன்னேன். டேங்க் சாவி கடல்ல விழுந்துடுச்சாம்."

"விழுந்துடுச்சு," என்றார் கிலிஃபி, தரையைப் பார்த்தபடி. "மீன் பிடிக்கும்போது."

"அப்ப இன்னிக்கு மீனை அறுக்கும்போது பார்த்து அறுங்கடி," என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

"வேலையை விட்டு எடுத்துடுங்க தலைவரே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் கிலிஃபி.

தப்பு செய்யாதவன் இப்படியா பேசுவான் என்று லானுவுக்கே தோன்றியது.

டீசல் டேங்க் ஒன்று, ஊருக்குப் பொதுவான தண்ணீர் டேங்க் ஒன்று. இரண்டிலிருந்தும் அளவு சொல்லும் ஒயர் வந்து ரூட்டரில் செருகியிருந்தது. லானு லேப்டாப்பைத் திறந்து, உன்னிடம் யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ரூட்டரைக் கேட்டாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே நம்பர்.

"அட, ரெட்டைப் பிள்ளைங்க."

"என்னம்மா சொல்றே?"

"ரெண்டு ஒயரும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணு மாமா. ரூட்டருக்கு அடையாளம் தெரியாது. கரண்ட் வந்ததும் எது முதல்ல கண்ணு முழிக்குதோ அது மூத்தவன், அடுத்தது இளையவன். மூத்தவன்னா டீசல்னு எழுதி வச்சிட்டாங்க."

அவள் ஒரு ஒயரைப் பிடுங்கினாள். திரையில் டீசல் காணாமல் போனது. ஜன்னல் வழியே வெளியே ஓடிய அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது நேராகத் தண்ணீர் டேங்கில் போய் முடிந்தது.

"மாறிப்போச்சு மாமா. மூணு கோடு காட்டுறது தண்ணி. டீசல் நாலு கோடு அப்படியே இருக்கு."

ஆளாளுக்குக் கிலிஃபியின் முதுகில் தட்டினார்கள். அவர் முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

லானு கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கூப்பிடாதே, எந்த ஓட்டையில் செருகியிருக்கிறதோ அதைப் பார்த்துக் கூப்பிடு என்று ரூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ரெட்டைப் பிள்ளையில் ஒன்றுக்குக் கயிறு கட்டுவதுபோல டீசல் ஒயரில் ஒரு சிவப்பு நூலையும் கட்டினாள்.

செமிசி மெல்லக் கேட்டார். "தண்ணியும் சனிக்கிழமை நாலு கோடுதானே இருந்துச்சு? அந்த ஒரு கோடு எங்கே?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருங்கி வந்தார்கள். மழை பார்த்து மூன்று மாதம்.

"சனி, ஞாயிறு குழாயைத் திறக்கிறதே இல்லை. மத்த நாள்ல வீட்டுக்கு ரெண்டு வாளி. தலைவன் வீடுன்னு எனக்கு மூணா? என் மருமக கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அந்த ரெண்டு வாளியிலதானே சமாளிக்கிறா? எடுத்தது யாரா இருந்தாலும் சரி, மழை வர்ற வரைக்கும் அந்த வீட்டுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது."

"நான்தான் எடுத்தேன்," என்றார் கிலிஃபி.

"வீட்டுல நீயும் உன் நாயும்தானே? அவ்வளவு தண்ணியை என்னடா பண்ணினே?"

"நாயைக் குளிப்பாட்டினேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

படகு கிளம்பும் முன் லானு, தன் குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனாள். வாசலில் நாய் படுத்திருந்தது. குளித்த நாயாகத் தெரியவில்லை. அதன் கழுத்துப்பட்டையில் ஒரு சாவி தொங்கியது.

"அண்ணே, டீசல் குறையலைன்னு உங்களுக்குத் தெரியும். குச்சி விட்டுக் காட்டியிருந்தா அப்பவே தப்பிச்சிருப்பீங்களே?"

"டீசல் சரியா இருக்குன்னா அடுத்து எதை அளப்பாங்க?"

லானுவுக்குச் சுருக்கென்றது. "நான் வந்து கெடுத்துட்டேன்."

"நீ என்ன பண்ணுவே தங்கச்சி? உன் வேலையை ஒழுங்காப் பார்த்தே."

"யாருக்கண்ணே திறந்துவிட்டீங்க?"

அவர் குனிந்து நாயின் தலையைத் தடவினார். அவள் கேனை அவர் முன்னால் வைத்தாள். "இதையாவது வச்சுக்குங்க. மழை எப்ப வருமோ."

"எனக்குத் தென்னை மரம் இருக்கு. இதை அந்த வீட்டுல குடுத்துட்டுப் போ. குழந்தைக்கு இன்னும் வயித்துப்போக்கு நிக்கலை." தாடையால் ஒரு வீட்டைக் காட்டினார்.

கேனோடு போனாள். கொடி நிறையக் குழந்தைத் துணி, வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடியது. லானுவும் பிள்ளை பெற்றவள்தான். இரண்டு வாளியில் அத்தனையும் அலச முடியாது என்று அவளுக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் குழந்தையை அணைத்தபடி நின்ற பெண், இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த செமிசி எழுந்து வந்தார்.

"வாம்மா. பார்த்தியா என் மருமக சாமர்த்தியத்தை? ரெண்டே வாளியில எப்படி வெளுத்திருக்கா பாரு."