பாதியில் நின்ற சரணம்

சைக்கிளில் வந்த பெண்ணை மோதிக் கொன்ற பஸ், பத்து நாள் காவல் நிலையத்தில் நின்றுவிட்டு இன்று காலைதான் மறுபடி ஓடியது. பழைய டிரைவர் சிறையில். மாற்று டிரைவர் குப்பண்ணனுக்குக் குத்துப்பாட்டே ஆகாது. தாலாட்டு மாதிரியான பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அவற்றை ஏற்றிய பென்டிரைவ் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

ஊரைத் தாண்டியதும், பழைய டிரைவருடைய பென்டிரைவ் பாட்டு செட்டிலேயே இருப்பதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டார். விபத்தன்று பாதியில் நின்ற குத்துப்பாட்டு, விட்ட சொல்லிலிருந்தே அலறத் தொடங்கியது.

கண்டக்டர் முருகவேலின் முகம் வெளிறியது. “இந்த வரியிலதாண்ணா அந்தப் பொண்ணு மேல மோதுச்சு. மொதல்ல அதைப் புடுங்குங்க.”

“இந்தச் சரணம் முடியட்டும், மாத்திடறேன்.”

சரணம் முடிந்தது. அடுத்த பாட்டும் வந்தது. நிறுத்தத்தில் கை காட்டியவர்கள் ஜன்னல்களில் வழுக்கிப் பின்னால் போனார்கள். குப்பண்ணனின் ஒரு கை சட்டைப்பையின் மேலேயே இருந்தது. வலது கால் மட்டும் ஆக்ஸிலரேட்டரில் அழுந்திக்கொண்டே போனது.

நிறுத்தச் சொல்லி முருகவேல் விடாமல் விசில் ஊதினான். அதுவும் தாளத்தோடு சரியாகச் சேர்ந்துகொண்டது.